பல மானிட்டர் அலுவலகக் கணினிகளுக்கான குறைந்த மின்சாரக் கிராஃபிக்ஸ் கார்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே மேசையில் இரண்டு, மூன்று, நான்கு மானிட்டர்களை வைத்துக்கொண்டு கணக்கு, மின்னஞ்சல், விலை நிலவரம், கண்காணிப்புத் திரைகள், வீடியோ அழைப்பு என்று நாள் முழுவதும் வேலை பார்ப்பவர்களின் கணினியில் எந்தக் கிராஃபிக்ஸ் கார்டைப் பொருத்துவது என்பது குறித்த கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டுள்ளது. விளையாட்டு, முப்பரிமாண வடிவமைப்பு, செயற்கை நுண்ணறிவு ஆகியவற்றுக்கான பெரிய கார்டுகளைப் பற்றி இங்கே பேசவில்லை. அலுவலக வேலைக்குக் கார்டின் வேகம் கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம் என்பதுதான் கீழே வரும் பதில்கள் பலவற்றுக்கும் அடிப்படை.

குறைந்த மின்சாரக் கார்டு என்று எதைச் சொல்கிறார்கள்?

தாய்ப்பலகையில் உள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டிலிருந்தே தனக்குத் தேவையான மின்சாரம் முழுவதையும் எடுத்துக்கொண்டு, கணினிக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி வயர் எதையும் கேட்காத கார்டைத்தான் நடைமுறையில் இப்படிக் குறிப்பிடுகிறார்கள். பதினாறு தடங்கள் (தரவு செல்லும் பாதைகள்) கொண்ட ஸ்லாட்டில் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு அதிகபட்சம் 75 வாட் வரை எடுத்துக்கொள்ளலாம் என்பது தரவரையறை. அதில் 12 வோல்ட் வழியாக 5.5 ஆம்பியர், அதாவது 66 வாட் வருகிறது, மீதி 3.3 வோல்ட் வழியாக வருகிறது.

இந்த எல்லைக்குள்ளும் இரண்டு கூட்டங்கள் இருக்கின்றன. என்விடியாவின் டி400 (30 வாட்), டி600 (40 வாட்), டி1000 (50 வாட்), 2024-இல் வந்த ஆர்டிஎக்ஸ் ஏ400, ஆர்டிஎக்ஸ் ஏ1000 (இரண்டும் 50 வாட்), இன்டெலின் ஆர்க் புரோ ஏ40 (50 வாட்), ஏஎம்டியின் ரேடியான் புரோ டபிள்யூ6400 (50 வாட்) ஆகியவை முதல் கூட்டம். இவை ஒற்றை ஸ்லாட் அகலத்தில், சிறிய கேபினெட்டிலும் அடங்கும் அரை உயரத்தில் வருகின்றன. ஆர்டிஎக்ஸ் ஏ2000, ஆர்டிஎக்ஸ் 2000 ஏடா, ரேடியான் புரோ டபிள்யூ7500 போன்ற 70 வாட் கார்டுகள் இரண்டாவது கூட்டம். ஸ்லாட் தரக்கூடிய மின்சாரத்தின் விளிம்பு வரை போகும் இந்தக் கார்டுகளின் வேகம் அலுவலக வேலைக்குப் பெரும்பாலும் மிகை.

இந்த எல்லை ஏன் முக்கியம் என்றால், நிறுவனங்கள் மொத்தமாக வாங்கும் சிறிய மேசைக் கணினிகளில் கிராஃபிக்ஸ் கார்டுக்கான ஆறு முனை மின் இணைப்பே பெரும்பாலும் இருக்காது. எஸ்எம்பிஎஸ்ஸும் அந்த மாடலுக்கென்றே செய்யப்பட்டதாக இருக்கும் என்பதால், அதைக் கழற்றிவிட்டுப் பெரியதைப் போடுவதும் எளிதல்ல. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பார்வைக்குப் பதினாறு தட ஸ்லாட்டாகத் தெரிந்தாலும் உள்ளே நான்கு தடங்களுக்கு மட்டும் இணைப்புக் கொடுத்திருக்கும் தாய்ப்பலகைகள் இருக்கின்றன. நான்கு தடக் கார்டுகளுக்குத் தரவரையறை அனுமதிப்பது 25 வாட் மட்டுமே. ஆகவே கார்டின் விவரக்குறிப்பைப் படிப்பதற்கு முன், கணினியின் கையேட்டில் அந்த ஸ்லாட்டுக்கு எத்தனை வாட் எழுதியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

பிராசஸரிலேயே கிராஃபிக்ஸ் இருக்கும்போது தனிக் கார்டு அவசியமா?

பல பேருக்கு அவசியமில்லை. இன்டெலின் யூஎச்டி 630 மூன்று திரைகளையும், யூஎச்டி 770 நான்கு திரைகளையும் ஒரே நேரத்தில் இயக்க வல்லவை. இடிப்பது பெரும்பாலும் பிராசஸரின் திறன் அல்ல, கணினியின் பின்புறத்தில் தயாரிப்பாளர் எத்தனை போர்ட் வைத்தார் என்பதுதான். இரண்டு அல்லது மூன்று முழு எச்டி மானிட்டர்கள், அவற்றுக்கு ஏற்ற போர்ட்டுகள், சாதாரண அலுவலக மென்பொருள்கள் என்றால் கார்டுக்குச் செலவழிக்க வேண்டியதில்லை.

இரண்டு 4கே மானிட்டர்களை இணைத்ததும் கணினி இழுத்துக்கொண்டு ஓடுகிறது என்று புகார் வந்தால், முதலில் ரேம் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பிராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ், கணினியின் பொது நினைவகத்தைத்தான் பகிர்ந்துகொள்கிறது. ஒரே ஒரு ரேம் குச்சி மட்டும் இருந்தால் நினைவகத்தின் அலைவரிசை பாதியாகிவிடும். இரண்டாவது குச்சியைச் சேர்ப்பது கார்டு வாங்குவதைவிட மலிவான தீர்வாக இருக்கக்கூடும்.

தனிக் கார்டைப் பொருத்தியதும் தாய்ப்பலகையின் போர்ட்டுகளில் படம் வராமல் போவதைக் கண்டு பலர் திகைக்கிறார்கள். பழுது எதுவும் இல்லை. பல கணினிகளில் பயாஸ் (கணினி கிளம்பும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) தானாகவே உள்ளமைந்த கிராஃபிக்ஸை அணைத்துவிடுகிறது. இரண்டையும் சேர்த்து இயக்கும் அமைப்பு பயாஸில் பெரும்பாலும் இருக்கும். ஆனால் எல்லா மானிட்டர்களையும் கார்டிலேயே இணைக்க முடியுமானால் அப்படிச் செய்வதே நல்லது. கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர்கள் இரண்டைப் பராமரிக்கும் வேலை மிச்சம்.

அதே விலைக்கு வேகமான விளையாட்டுக் கார்டு கிடைக்கும்போது தொழில்முறைக் கார்டு எதற்கு?

சிப்பைப் பொறுத்தவரை பெரும்பாலும் இரண்டும் ஒன்றுதான். டி400, டி600, டி1000 மூன்றிலும் இருப்பது ஜிடிஎக்ஸ் 1650-இல் வந்த அதே டியூ117 சிப். வேறுபாடு சிப்பைச் சுற்றியுள்ளவற்றில் இருக்கிறது.

முதலாவது, போர்ட்டுகள். விளையாட்டுக் கார்டுகளில் ஒரு எச்டிஎம்ஐ, இரண்டு டிஸ்ப்ளேபோர்ட், சிலவற்றில் ஒரு டிவிஐ என்று கலவையாக இருக்கும். அரை உயரத்தில், ஒற்றை ஸ்லாட்டில் ஒரே வகையான நான்கு போர்ட்டுகள் என்பது அங்கே அரிது. நூறு மேசைகளுக்கு ஒரே வகைக் கேபிள் வாங்கும் பொறுப்பில் இருப்பவருக்கு இதன் அருமை தெரியும். இரண்டாவது, டிரைவர். தொழில்முறைக் கார்டுகளுக்கு அடிக்கடி மாறாத, நீண்ட காலம் பாதுகாப்புத் திருத்தங்கள் பெறும் டிரைவர் கிளைகள் வெளியாகின்றன. மூன்றாவது, மானிட்டரின் அடையாளத் தகவலைக் கார்டிலேயே பதிந்துவைப்பது போன்ற நிர்வாக வசதிகள். இதைப் பற்றிப் பின்னால் ஒரு தனிக் கேள்வி இருக்கிறது. நான்காவது, ஒரே மாடல் சில ஆண்டுகளுக்குச் சந்தையில் தொடர்ந்து கிடைப்பது.

மென்பொருள் நிறுவனங்கள் தரும் சான்றிதழை விற்பனையாளர்கள் பெரிதாகப் பேசுவார்கள். கேட் (CAD) என்ற கணினிவழி வடிவமைப்பு மென்பொருளுக்கு உதவி கேட்டு அழைக்கும்போது சான்று பெற்ற கார்டா என்று அந்த நிறுவனம் கேட்கும் நிலை உங்களுக்கு இருந்தால் அது முக்கியம். விரிதாளும் உலாவியும் மட்டும் ஓடும் கணினிக்கு அந்தச் சான்றிதழால் எந்தப் பயனும் இல்லை. நிறத்துக்கு 10 பிட் ஆதரவு தொழில்முறைக் கார்டுகளில் மட்டுமே கிடைக்கும் என்ற பழைய வாதமும் வலுவிழந்துவிட்டது. என்விடியா 2019-லேயே அதைத் தன் ஸ்டூடியோ டிரைவர் வழியாக விளையாட்டுக் கார்டுகளுக்கும் திறந்துவிட்டது.

எத்தனை மானிட்டர்களை ஒரு கார்டில் இணைக்கலாம்?

கார்டின் பெயரையோ விலையையோ வைத்து ஊகிக்காமல் விவரக்குறிப்பைப் பார்க்க வேண்டிய கேள்வி இது. டி400-இல் மூன்று மினி டிஸ்ப்ளேபோர்ட்டுகள். அதற்கு மேல்நிலையில் உள்ள டி600, டி1000 இரண்டிலும் நான்கு. ஆர்டிஎக்ஸ் ஏ400-இல் நான்கு வந்துவிட்டது. டபிள்யூ6400-இலோ இரண்டே டிஸ்ப்ளேபோர்ட்டுகள்தான். மூன்று மானிட்டர் மேசைக்கு அதைப் பரிந்துரைப்பவர் விவரக்குறிப்பைப் படிக்கவில்லை என்றே கொள்ளலாம்.

நான்குக்கு மேல் போனால் தனி வகைக் கார்டுகள் இருக்கின்றன. 2015-இல் வந்த என்விடியா என்விஎஸ் 810 இரண்டு சிப்புகளையும் எட்டு மினி டிஸ்ப்ளேபோர்ட்டுகளையும் கொண்டு 68 வாட்டில் இயங்கியது. கனடாவின் மேட்ராக்ஸ் நிறுவனம் இந்தத் துறையில் பழம்பெரும் பெயர். அதன் சி900 கார்டு ஒற்றை ஸ்லாட்டிலிருந்து ஒன்பது திரைகளுக்குப் படம் அனுப்பியது. இவை கட்டுப்பாட்டு அறைகளுக்கும் காட்சிச் சுவர்களுக்கும் உரியவை.

ஒரு போர்ட்டிலிருந்து ஹப் வழியாக இரண்டு, மூன்று மானிட்டர்களைப் பிரிக்கும் எம்எஸ்டி என்ற முறை 2010-இல் டிஸ்ப்ளேபோர்ட் 1.2 உடன் வந்தது. போர்ட் பற்றாக்குறையை இது தீர்க்கும். சிப் ஒரே நேரத்தில் இயக்கக்கூடிய திரைகளின் எண்ணிக்கையை உயர்த்தாது. நான்கு திரை இயக்கும் கார்டில் எத்தனை ஹப் மாட்டினாலும் ஐந்தாவது மானிட்டர் கறுப்பாகவே இருக்கும்.

என் 4கே மானிட்டரில் சுட்டியின் அம்புக்குறி விட்டு விட்டு நகர்கிறது. கார்டு போதவில்லையா?

கார்டு போதும், வழி குறுகலாக இருக்கிறது. பெரும்பாலும் அந்த மானிட்டர் விநாடிக்கு 60 முறைக்குப் பதிலாக 30 முறை மட்டும் புதுப்பிக்கப்படுகிறது. விண்டோஸ் அமைப்புகளில் டிஸ்ப்ளே பகுதிக்குள் உள்ள மேம்பட்ட டிஸ்ப்ளே பக்கத்தில் ஒவ்வொரு மானிட்டரின் புதுப்பிப்பு வீதமும் தெரியும். அங்கே 30 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் காரணம் கேபிளிலோ அடாப்டரிலோதான்.

கணக்கு இதுதான். முழு எச்டி திரை 60 ஹெர்ட்ஸில் விநாடிக்கு ஏறத்தாழ 3.3 கிகாபிட் அலைவரிசையையும், 4கே திரை 60 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 12.5 கிகாபிட்டையும் கேட்கிறது. டிஸ்ப்ளேபோர்ட் 1.2 தரவுக்குத் தருவது 17.28 கிகாபிட், 1.4 தருவது 25.92. எச்டிஎம்ஐ 1.4-ஓ 4கே திரையை 30 ஹெர்ட்ஸில் மட்டுமே இயக்கும். 60 ஹெர்ட்ஸுக்கு 2013-இல் வந்த எச்டிஎம்ஐ 2.0 வேண்டும். டிஸ்ப்ளேபோர்ட் 1.4-இல் ஹப் வைத்து இரண்டு 4கே மானிட்டர்களை 60 ஹெர்ட்ஸில் ஓட்டலாமா என்று கேட்பவர்கள் 12.5-ஐ இரண்டால் பெருக்கிப் பார்த்துவிட்டு ஆசைப்படுகிறார்கள். மேற்செலவுகளையும் சேர்த்தால் அது விளிம்பில் நிற்கும் கணக்கு. தரவைச் சுருக்கி அனுப்பும் டிஎஸ்சி வசதி கார்டு, ஹப் இரண்டிலும் இல்லாவிட்டால் அதை நம்பி வாங்க வேண்டாம்.

மினி டிஸ்ப்ளேபோர்ட்டை என் மானிட்டரோடு எப்படி இணைப்பது? எந்த அடாப்டர் வாங்குவது?

பல மானிட்டர் அமைப்புகளில் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட் இருந்தால், ஒரு முனையில் மினியும் மறுமுனையில் முழு அளவும் கொண்ட ஒரே கேபிளை வாங்குங்கள். இடையில் அடாப்டர் எதுவும் வேண்டாம். அதிவேகத்தில் இயங்கும் 4கே மானிட்டருக்கு 2 மீட்டருக்குள் இருக்கும் கேபிளே பாதுகாப்பானது.

மானிட்டரில் எச்டிஎம்ஐ மட்டும் இருந்தால் அடாப்டர் தேவை. அதில் இரண்டு வகை. கார்டே எச்டிஎம்ஐ வகைச் சமிக்ஞையை அனுப்ப, அதன் மின்னழுத்தத்தை மட்டும் மாற்றித் தருவது மலிவான, சிப் இல்லாத வகை. அதன் பழைய தரம் 1920×1200 வரைக்கும்தான். அடுத்த தரம் 4கே-யை 30 ஹெர்ட்ஸ் வரை கொண்டுபோகும். முந்தைய கேள்வியில் வந்த விட்டு விட்டு நகரும் அம்புக்குறியின் பின்னால் பெரும்பாலும் ஒளிந்திருப்பது இந்தச் சிறிய அடாப்டர்தான். 4கே-க்கு 60 ஹெர்ட்ஸ் வேண்டுமானால், சமிக்ஞையையே மாற்றித் தரும் சிப் கொண்ட, எச்டிஎம்ஐ 2.0 என்று தெளிவாக எழுதியுள்ள ஆக்டிவ் அடாப்டரை வாங்க வேண்டும். விஜிஏ மட்டுமுள்ள பழைய மானிட்டருக்கும், 2560×1600 தெளிவுத்திறன் கொண்ட பழைய இரட்டை இணைப்பு டிவிஐ மானிட்டருக்கும் ஆக்டிவ் வகை கட்டாயம்.

இந்த அடாப்டர்கள் ஒருவழிப் பாதை என்பதையும் மறக்கக் கூடாது. டிஸ்ப்ளேபோர்ட் கார்டிலிருந்து எச்டிஎம்ஐ மானிட்டருக்குப் போகும் கேபிளைத் திருப்பி மாட்டி, மடிக்கணினியின் எச்டிஎம்ஐ-யிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட் மானிட்டருக்குப் படம் அனுப்ப முடியாது.

மலிவான டிஸ்ப்ளேபோர்ட் கேபிள்கள் சிலவற்றில் ஒரு விசித்திரமான கோளாறு உண்டு. இணைப்பியின் 20-ஆவது முனை அடாப்டர்களுக்கு 3.3 வோல்ட் மின்சாரம் தருவதற்கானது. சாதாரணக் கேபிளில் அதை இரு பக்கமும் இணைக்கக் கூடாது என்பது விதி. விதியை மீறிச் செய்யப்பட்ட கேபிளை மாட்டினால் மானிட்டரின் மின்சாரம் கார்டுக்குள் திரும்ப வருகிறது. கணினியை அணைத்த பிறகும் ஏதோ ஒரு விளக்கு மங்கலாக எரிவது, பொத்தானை அழுத்தியும் கணினி கிளம்பாமல் நிற்பது, கேபிளை உருவியதும் கிளம்பிவிடுவது ஆகியவை அதன் அறிகுறிகள். தாய்ப்பலகையை மாற்றுவதற்கு முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

கடைசியாக, முழு அளவு டிஸ்ப்ளேபோர்ட் முனையில் இருக்கும் கொக்கிப் பூட்டு மினி முனையில் கிடையாது. நான்கு கேபிள்கள் ஒரே கார்டிலிருந்து தொங்கும்போது அவற்றின் எடையே ஒன்றை மெல்ல வெளியே இழுத்துவிடும். கணினிக்குப் பின்னால் ஒரு வெல்க்ரோ பட்டையால் நான்கையும் சேர்த்துக் கட்டி மேசையின் காலோடு பிணைத்துவிட்டால், ஒரு மானிட்டர் மட்டும் அவ்வப்போது அணைந்து அணைந்து வருகிறது என்ற புகார் பெரும்பாலும் நின்றுவிடும்.

மதிய உணவுக்கு மானிட்டரை அணைத்துவிட்டுப் போனால், திரும்பி வரும்போது ஜன்னல்கள் எல்லாம் இடம் மாறிக் கிடக்கின்றன. ஏன்?

ஒவ்வொரு மானிட்டருக்குள்ளும் அதன் பெயர், தெளிவுத்திறன் முதலியவை எழுதப்பட்ட இடிஐடி என்ற சிறு தகவல் தொகுப்பு இருக்கிறது. எச்டிஎம்ஐ-யில் அந்த நினைவகத்துக்குக் கார்டே 5 வோல்ட் மின்சாரம் அனுப்புவதால், மானிட்டரை அணைத்தாலும் பெரும்பாலும் அது பதில் சொல்லிக்கொண்டிருக்கும். டிஸ்ப்ளேபோர்ட் மானிட்டர்கள் பலவற்றில், பொத்தானை அழுத்தி அணைத்ததும் இணைப்பே அறுந்ததாகக் கார்டு எடுத்துக்கொள்கிறது. உடனே விண்டோஸ் அந்தத் திரையில் இருந்தவற்றையெல்லாம் அடுத்த திரைக்கு நகர்த்திவிடுகிறது.

விண்டோஸ் 11-இல் மானிட்டர் இணைப்பை வைத்து ஜன்னல்களின் இடத்தை நினைவில் கொள்ளும் தெரிவு ஒன்று டிஸ்ப்ளே அமைப்புகளுக்குள் இருக்கிறது. முதலில் அதை இயக்கிப் பாருங்கள். அதுவும் போதாவிட்டால், என்விடியாவின் தொழில்முறைக் கார்டுகளுக்கான கட்டுப்பாட்டுப் பலகத்தில் இடிஐடி-யைக் கோப்பாகச் சேமித்து, அந்த போர்ட்டில் அந்த மானிட்டர் எப்போதும் இருப்பதாகவே கார்டை நம்பவைக்கலாம். தொழில்முறைக் கார்டுக்குக் கூடுதலாகக் கொடுத்த பணம் அலுவலக ஊழியரின் கண்ணுக்குத் தெரியும் இடம் அநேகமாக இது ஒன்றுதான்.

30 வாட் கார்டுக்கும் 70 வாட் கார்டுக்கும் மின்கட்டணத்தில் எவ்வளவு வேறுபாடு வரும்?

எதிர்பார்ப்பதைவிடக் குறைவு. விவரக்குறிப்பில் எழுதியிருப்பது கார்டு முழுப் பளுவில் எடுக்கும் மின்சாரம். ஆண்டுக்கு 2,500 மணி நேரம் இரண்டு கார்டுகளும் முழுப் பளுவிலேயே ஓடினால் 40 வாட் வேறுபாடு 100 யூனிட் ஆகும். ஆனால் விரிதாளும் மின்னஞ்சலும் எந்தக் கார்டையும் முழுப் பளுவுக்குக் கொண்டுபோவதில்லை என்பதால் உண்மையான வேறுபாடு இதில் சிறு பகுதியாகவே இருக்கும். குறைந்த வாட்டைத் தேர்ந்தெடுப்பதற்கு நியாயமான காரணம் கட்டணம் அல்ல. சிறிய கேபினெட்டில் வெப்பம் தேங்காமலும், எஸ்எம்பிஎஸ் திணறாமலும், விசிறி இரைச்சலிடாமலும் இருப்பதுதான்.

சும்மா இருக்கும்போது கார்டு எடுக்கும் மின்சாரத்தை மானிட்டர்களே உயர்த்திவிடுவது உண்டு. வேலையில்லாத நேரத்தில் கார்டு தன் நினைவகத்தின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படி வேகம் மாற்றும் கணத்தில் திரையில் மினுக்கம் தெரியாமல் இருக்க, ஒரு படச்சட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளிக்காக அது காத்திருக்கிறது. எல்லா மானிட்டர்களும் ஒரே தெளிவுத்திறனிலும் ஒரே வீதத்திலும் இருந்தால் அந்த இடைவெளிகளை ஒன்றாக ஒத்துப்போகச் செய்ய முடியும். ஒன்று 60, இன்னொன்று 75, மூன்றாவது 144 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் இடைவெளிகள் ஒன்றுசேர்வதே இல்லை. நினைவகம் உயர் வேகத்திலேயே தங்கிவிடுகிறது. சும்மா இருக்கும் கார்டு சூடாக இருக்கிறது என்றால் எல்லா மானிட்டர்களையும் 60 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவந்து பாருங்கள்.

எத்தனை ஜிபி நினைவகம் வேண்டும்?

திரையைக் காட்டுவதற்கு மட்டும் என்றால் மிகக் குறைவு. 3840×2160 புள்ளிகள், புள்ளிக்கு 4 பைட் என்று கணக்கிட்டால் ஒரு 4கே படச்சட்டம் ஏறத்தாழ 33 மெகாபைட். நான்கு மானிட்டர்களுக்கு மும்மூன்று சட்டங்கள் வைத்தாலும் 400 மெகாபைட்தான். நினைவகத்தைத் தின்பவை உலாவியும், வீடியோ அழைப்பு மென்பொருளும், திறந்திருக்கும் ஒவ்வொரு ஜன்னலுக்கும் விண்டோஸ் வைத்திருக்கும் படப்பிரதியும். ஆகவே 4 ஜிபி இருந்தால் நிம்மதி. 2 ஜிபி கார்டை முழு எச்டி மானிட்டர்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வரைபடத் தகவல் மென்பொருளோ இலகுவான கேட் வேலையோ இருந்தால் 8 ஜிபி கொண்ட டி1000 அல்லது ஆர்டிஎக்ஸ் ஏ1000 பக்கம் போகலாம்.

வீடியோ அழைப்புகள் அதிகம். கார்டைத் தேர்ந்தெடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

வீடியோவைச் சுருக்குவதற்கும் விரிப்பதற்கும் சிப்பில் தனிப் பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். டபிள்யூ6400-இல் வீடியோவைச் சுருக்கும் பகுதியே கிடையாது; அந்த வேலை கார்டிலிருந்து நகர்ந்து பிராசஸரின் தலையில் விழும். ஏவி1 என்ற புதிய வீடியோ வடிவத்தை விரிக்கும் வசதியும் அதில் இல்லை. டி400, டி600, டி1000 மூன்றும் என்விடியாவின் டியூரிங் என்ற சிப் தலைமுறை என்பதால் அவற்றிலும் ஏவி1 இல்லை. ஆர்டிஎக்ஸ் ஏ400, ஏ1000 இரண்டும் ஏவி1-ஐ விரிக்கும். இன்டெல் ஆர்க் புரோ கார்டுகள் விரிப்பதோடு சுருக்கவும் செய்யும்; இந்த ஒரு விஷயத்தில் அவை தம் வாட் வகுப்பில் முன்னே நிற்கின்றன.

என்விடியாவின் பழைய குவாட்ரோ, என்விஎஸ் கார்டுகள் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கலாமா?

வன்பொருளாகப் பார்த்தால் அவற்றில் பல இன்னும் நன்றாகவே உழைக்கும். குவாட்ரோ பி620 நான்கு மினி டிஸ்ப்ளேபோர்ட்டுகளோடு 40 வாட்டில் இயங்கும் அருமையான அலுவலகக் கார்டு. சிக்கல் டிரைவரில் இருக்கிறது. பி400, பி620, பி1000 ஆகியவை சார்ந்த பாஸ்கல் தலைமுறைக்கு 580 வரிசைதான் கடைசி முழு டிரைவர் கிளை என்று என்விடியா 2025-இல் அறிவித்துவிட்டது. நான்கு திரை இயக்கும் என்விஎஸ் 510 சார்ந்த கெப்ளர் தலைமுறை அதற்கு முன்பே 470 வரிசையோடு நின்றுவிட்டது. என்விஎஸ் 310, 315 அதைவிடவும் பழையவை. 315-இல் ஒரே இணைப்பியிலிருந்து இரண்டு மானிட்டர்களைப் பிரிக்கும் டிஎம்எஸ்-59 என்ற கேபிளையும் தேடி அலைய வேண்டும்.

கையில் இருக்கும் பி620-ஐத் தூக்கிப்போட வேண்டிய அவசரம் எதுவும் இல்லை. அடுத்த ஐந்தாண்டுகளுக்கு என்று இன்று பணம் கொடுத்து வாங்குவதற்குத்தான் அது ஏற்றதல்ல.

ஆறு மானிட்டர்கள் வேண்டும். ஒரே கணினியில் இரண்டு கார்டுகளைப் போடலாமா?

போடலாம், இரண்டும் ஒரே நிறுவனத்தின், முடிந்தால் ஒரே மாடல் கார்டுகளாக இருக்கட்டும். பழைய பி620-ஐ வைத்துக்கொண்டு பக்கத்தில் புதிய ஆர்டிஎக்ஸ் ஏ400 ஒன்றைச் சேர்ப்பது சிக்கனமாகத் தோன்றும். இரண்டுக்கும் பொதுவான டிரைவர் இருக்கும் வரை ஓடும். 580-க்குப் பிந்தைய கிளைக்கு விண்டோஸ் தானாக மேம்படுத்திய அன்று பழைய கார்டில் இருந்த மானிட்டர்கள் காணாமல் போகும். அப்போது எல்லோரும் கேபிளைத்தான் சந்தேகிப்பார்கள்.

இரண்டு கார்டுகளின் திரைகளுக்கிடையே இழுத்து விரித்த ஒரே ஜன்னல் மந்தமாக நகரும் என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றாகச் சேர்ந்து ஒரே படத்தைக் காட்ட வேண்டிய மானிட்டர்களை ஒரே கார்டில் வைப்பது நல்லது.

யூஎஸ்பி வழியாக மானிட்டரை இணைக்கும் கருவிகள் போதாதா?

டிஸ்ப்ளேலிங்க் வகைக் கருவிகள் திரையின் படத்தைப் பிராசஸரில் சுருக்கி யூஎஸ்பி கேபிள் வழியாக அனுப்புகின்றன. அசையாத ஆவணத்துக்கும் மின்னஞ்சலுக்கும் அது போதும். வீடியோ ஓடும் திரைக்கும், எண்கள் இடைவிடாமல் மாறும் திரைக்கும் ஏற்றதல்ல. கார்டு பொருத்தவே முடியாத மடிக்கணினிக்கும் குட்டிக் கணினிக்கும் அதை ஒதுக்கிவையுங்கள்.

லினக்ஸில் இவை இயங்குமா?

இயங்கும். ஏஎம்டி, இன்டெல் கார்டுகளுக்கான டிரைவர்கள் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடே வருவதால் நிறுவும் வேலை குறைவு. என்விடியாவின் திறந்த மூலக் கெர்னல் பகுதி டியூரிங் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. டி400 அதில் அடங்கும், பி620 அடங்காது.

அப்படியானால் எந்தக் கார்டை வாங்குவது?

மூன்று முழு எச்டி மானிட்டர்களும் சாதாரண அலுவலக வேலையும் என்றால் 4 ஜிபி டி400 போதும். புதிதாக வாங்குபவர்களுக்கு, நான்கு போர்ட்டும் ஏவி1-உம் கொண்ட ஆர்டிஎக்ஸ் ஏ400-ஐயே நான் முதலில் சொல்வேன். 20 வாட் கூடுதலைத் தாங்காத கேபினெட்டை மட்டும் விதிவிலக்காகக் கொள்ளுங்கள். வடிவமைப்பு மென்பொருளும் உடன் ஓடுமானால் அதே 50 வாட்டில் ஏ1000 இருக்கிறது. விசிறியின் ஓசையே கூடாத, தூசி மிகுந்த இடங்களுக்கு மேட்ராக்ஸின் லூமா வரிசையில், இன்டெல் ஆர்க் சிப்பை வைத்துச் செய்த விசிறியில்லாத ஏ310 போன்ற கார்டைப் பார்க்கலாம். விசிறி இல்லாத கார்டுக்குக் கேபினெட்டில் காற்றோட்டம் கூடுதலாக வேண்டும் என்பதை மட்டும் கவனியுங்கள்.

வாங்கும் ஆணையில் கார்டின் பெயரோடு இரண்டு விஷயங்களையும் எழுதிவிடுங்கள். ஒன்று, பெட்டியில் எந்த அடாப்டர்கள் எத்தனை வரும் என்பது. அதே மாடலை ஒரு விற்பனையாளர் அடாப்டர்களோடும் இன்னொருவர் வெறும் கார்டாகவும் தருவது உண்டு. மற்றொன்று, கார்டைக் கேபினெட்டோடு திருகிப் பிணைக்கும் உலோகத் தகடு முழு உயரமா அரை உயரமா என்பது. பெட்டியில் இரண்டும் இருந்தால் சில சிறிய திருகுகளைக் கழற்றி ஐந்து நிமிடத்தில் மாற்றிக்கொள்ளலாம். ஒன்று மட்டும் வந்து, அது பொருந்தாத உயரமாகவும் இருந்துவிட்டால், அந்தத் தகடு தனியாக வந்து சேரும் வரை கார்டு பெட்டியிலேயே கிடக்க வேண்டியதுதான்.